ரொக்ஸ்பரோ வாசலில் நான் செய்த மொழிபெயர்ப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. மொன்றியலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். மதிய இடைவேளையில், பின்கதவடியில் கவிழ்த்து வைத்த பால் பெட்டிகளில் நானும் என் சிநேகிதியும் உட்கார்ந்திருந்தோம். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. வீட்டில் இந்தக் கதையைத் தொடங்கினால் போதும், பிள்ளைகள் ‘தெரியும் அம்மா’ என்று சொல்லி எழும்பிப் போய்விடுவார்கள். உங்களுக்குத் தெரியாதுதானே, ஆறுதலாக இருந்து கேளுங்கள்.

சிநேகிதி கறுப்பினப் பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் போல் பெட்டியோடு வந்திறங்கியவள் அல்ல. பாட்டன் காலத்திலிருந்தே அவளுக்கு இந்த நகரம்தான் ஊர். அப்போதே எட்டு வருடமாக ஒன்றாக வேலை செய்துகொண்டிருந்தோம். நான் வாய் ஓயாமல் கதைப்பேன், அவள் கேட்டுக்கொண்டே என் பங்கு வேலையையும் முடித்துவிடுவாள். எங்கள் பேச்சு பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம்.

அவள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் தன் மகளுக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டார். இங்கே வீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை முதலாம் திகதியோடுதான் மாறும். அன்று பாதி நகரம் மெத்தையையும் குளிர்சாதனப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும். அதற்கு மூன்று கிழமை, மூன்றே வாரம்தான் இருந்தது. அவளுடைய தாய் நடைச்சட்டம் பிடித்து நடப்பவர், படி ஏற மாட்டார். கீழ்வீடுதான் வேண்டும். தேடித் தேடிக் கடைசியில் ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒன்று கண்டுபிடித்திருந்தாள். போனில் ‘வாருங்கள்’ என்று சொன்ன வீட்டுக்காரர், வாசலில் அவளைக் கண்டதும், ‘காலையில்தான் வேறு ஒருவர் எடுத்துவிட்டார்’ என்று சொல்லிவிட்டாராம். ஆனால் மறுநாளும் விளம்பரம் இணையத்தில் அப்படியே இருந்தது.

அந்த விளம்பரத்தை எனக்குக் காட்டினாள். வீட்டுக்காரரின் பெயர் என் பெயரைப் போலவே நீளமாக இருந்தது. உன் ஆள்தானே, ஒருமுறை போன் எடுத்து வீடு இருக்கிறதா என்று கேள் என்றாள். அவளுடைய தாயும் இளம் வயதில் இப்படித்தான் செய்தாராம். ஒரு வீட்டில் இல்லையென்று திருப்பி அனுப்பினால், பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்ணைக் கொண்டு அதே வீட்டுக்குப் போன் எடுத்துப் பார்ப்பாராம். இதையெல்லாம் அவள் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. துப்பறியும் வேலை அல்லவா. போனை ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்தேன். நான் வணக்கம் சொன்னதும் மறுமுனையில் குரல் மலர்ந்தது.

“தமிழோ? ஊரில எவடம் தங்கச்சி?”

எங்கள் ஆட்களின் முதல் கேள்வி எப்போதும் இதுதான். கொடிகாமம் என்றேன். தான் பக்கத்து ஊர் மிருசுவில் என்றார். பிறகென்ன, பள்ளிக்கூடம், சந்தை, ஆருடைய மகள் என்று ஒரு சுற்றுப் போய் வந்தோம். அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

“வீடு இருக்கு தங்கச்சி. நேற்று ஒரு கறுவல் மனுசி வந்து நிண்டது. குடுத்தாச்சு எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். எங்கட ஆக்கள் ஆரும் வருவினம் எண்டுதான் வச்சிருக்கிறன்.” சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

 பிறகு எடுக்கிறன் அண்ணை என்று சொல்லிப் போனை வைத்தேன். சிநேகிதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? வீடு உண்மையாகவே போய்விட்டதாம், அந்த மனிதர் சும்மா ஊர்க்கதை கதைத்தார் என்று அவளிடம் சொன்னேன். எட்டு வருடச் சிநேகிதியிடம், கண்ணுக்கு நேரே அப்படி ஒரு பொய். எங்கள் ஆள் ஒருவரை வேற்று ஆளுக்கு முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எனக்குள் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்று அன்றுதான் கண்டேன்.

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். “இல்லாத வீட்டைப் பற்றி ஒருத்தர் அஞ்சு நிமிஷம் சிரிச்சுக் கதைக்க மாட்டார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தது. தட்டுக் கழுவும் இடத்தில் அவளைப் பிடித்து, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தட்டுகளைத் துடைத்தபடியே தன் வீட்டுக் கதையைச் சொன்னாள்.

பாட்டன் ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளர். கறுப்பினத்தவருக்கு அந்தக் காலத்தில் இந்த நகரத்தில் கிடைத்த நல்ல வேலை அது ஒன்றுதானாம். பயணிகள் அந்தப் பணியாளர்கள் எல்லாரையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம், சொந்தப் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. அதே மொன்றியலில் ஒரு மதுச்சாலையில், கறுப்பர் என்பதற்காக ஒருவருக்குப் பியர் கொடுக்க மறுத்திருக்கிறார்கள். அவர் வழக்குப் போட்டார். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றார். யாருக்கு விற்பது என்பது கடைக்காரரின் விருப்பம் என்று தீர்ப்பு. ஆனாலும் அந்த ரயில் பணியாளர்களும் அவர்களைப் போன்றவர்களும் விடவில்லை. சங்கம் கட்டினார்கள், மனுக் கொடுத்தார்கள், வருடக்கணக்காக முட்டி மோதினார்கள். அப்படி எத்தனையோ பேர் முட்டித்தான் நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது, வீடு மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

“நீங்கள் வந்து இறங்கேக்க அந்தச் சட்டம் உங்களுக்காக ஆயத்தமா இருந்தது” என்றாள்.

முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். குடியுரிமைப் பரீட்சைக்குப் பிரதமர்மாரின் பெயரெல்லாம் பாடமாக்கினேன். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்வோம், நான் சாட்சி சொல்கிறேன் என்று குதித்தேன். செய்யலாம்தான், ஆனால் அது முடிவதற்குள் ஜூலை ஒன்று வந்து போய்விடும், அம்மாவை எங்கே வைத்திருப்பது என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது வீடு.

“அப்ப வா, வீட்டைப் போய்ப் பார்ப்பம்” என்றேன். எனக்குக் கோபம் வந்தால் மூளைக்கு முன்னால் வாய் ஓடும். அங்கேயே நின்று அவருக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாறோம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “உனக்கேன் இந்த வேலை? நாளைக்குக் கோயிலில ஆற்ற முகத்தில முழிக்கிறது?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மொன்றியலில் எங்கள் சனம் கொஞ்சம்தான். ஒருவரைப் பகைத்தால் பத்து வீட்டுக் கொண்டாட்டம் இல்லாமல் போகும். 

சனிக்கிழமை போனோம். வீட்டுக்காரர் மேல்வீட்டில் குடியிருந்தார். அறுபது வயதுக்கு மேல், நெற்றி நிறையத் திருநீறு. “வாங்கோ தங்கச்சி, தேத்தண்ணி குடிப்பம்” என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், எனக்குப் பின்னால் காரிலிருந்து இறங்கியவளைக் கண்டதும் அப்படியே நின்றார்.

“அண்ணை, வீடு இவவுக்குத்தான். நான் கூட வந்தனான்” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, இதென்ன வேலை. உங்களுக்கெண்டபடியாலதான் நான் ஓம் எண்டனான்.”

அந்த நேரம் எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. அவள் பக்கம் திரும்பி, அவர் சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னேன். மெதுவாக அல்ல, எதிர்வீட்டில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கும் அளவுக்கு உரத்து. என் பிரெஞ்சு, பிள்ளைகளை விட்ட கார்டெரி என்ற குழந்தைக் காப்பகத்தில் பொறுக்கிய பிரெஞ்சு. ஆண்பால் பெண்பாலெல்லாம் தலைகீழாகக் கிடக்கும். அன்றைக்கு அது ஆறாக ஓடியது.

“ஏன் அவவுக்குச் சொல்லுறியள்?” என்றார் தமிழில். அதையும் பிரெஞ்சில் சொன்னேன்.

“நான் துவேசம் பிடிச்சவன் இல்லை. அக்கம் பக்கத்தில என்ன சொல்லுவினம் எண்டு யோசிக்க வேணுமெல்லே?” அதையும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் இப்போது வேலியடிக்கே வந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவே பயந்தார். எனக்கு வந்தது பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சிநேகிதி ஒன்றும் பதறவில்லை. கைப்பையிலிருந்து வேலையிடத்துக் கடிதத்தையும், இப்போதைய வீட்டுக்காரர் கொடுத்த நற்சான்றையும் எடுத்து நீட்டினாள். வீடு இருக்கிறதா, இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். இல்லையென்றால், செவ்வாய்க்கிழமை போனில் என்ன சொன்னீர்கள் என்பதை என் பெயர், விலாசத்தோடு மனித உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுப்பேன் என்று இரண்டு மொழியிலும் சொன்னேன்.

“எங்கட ஆளுக்கு எதிரா எழுதுவியளோ?”

“ஓம் அண்ணை, எழுதுவன்.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எல்லாம் பிழையாய்ப் போய்விட்டது என்றே நினைத்தேன். இந்தப் பொல்லாத வாயால் அவளுடைய வீட்டைக் கெடுத்துவிட்டோமே என்று படியில் நின்று அழப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே அவரும் மனைவியும் வாக்குவாதப்படுவது கேட்டது. மனைவியின் குரல்தான் கூடுதலாகக் கேட்டது. கடைசியில் கதவு திறந்தது. அவர் கையில் கீழ்வீட்டுச் சாவி இருந்தது.

நானாயிருந்தால் அந்த நிமிடமே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். அவளோ அளவு நாடாவை எடுத்தாள். குளியலறைக் கதவுக்குள்ளால் நடைச்சட்டம் போகுமா என்று அளந்தாள். ஜன்னல்களைத் திறந்து மூடினாள். அடுப்பின் நாலு வாயையும் மூட்டிப் பார்த்தாள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, திருத்தித் தர வேண்டும் என்றாள். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் தலையாட்டி, ஒரு கடதாசியில் ‘குழாய்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு மேசையில் வைத்து ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் கத்திய கத்தலில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன், சிரித்தேன், கண்ணீர் வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு, “நீ போன் எடுத்தா அஞ்சு நிமிஷத்தில கிடைக்கிற வீடு. எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அதையும் ஞாபகம் வச்சிரு” என்றாள். நன்றி சொல்லுவாள் என்று காத்திருந்த எனக்கு அது சுருக்கென்றது.

ஜூலை முதலாம் திகதி முப்பது பாகை வெயிலில் நானும் கணவரும் போய்ச் சாமான் தூக்கினோம். கோயிலில் யார் முகத்தில் முழிப்பது என்று கேட்ட மனிதர்தான் அவளுடைய குளிர்சாதனப் பெட்டியின் பாரமான பக்கத்தைப் பிடித்தார். அவளுடைய தாய் தொப்பியும் போட்டு, நடைச்சட்டத்தோடு ஒரு படிகூட ஏறாமல் நேரே உள்ளே போனார். குழாய் திருத்தியிருந்தது. வீட்டுக்காரர் இன்றுவரை என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் போகிறார். போகட்டும்.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர்தான். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. இதெல்லாம் நடப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, எங்கள் வீட்டு நிலவறையை வாடகைக்கு விட்டோம். வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் எழுதியது நான். ‘தமிழ் ஆக்களுக்கு மட்டும்’ என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, எல்லாரும் எழுதுவதைத்தான் எழுதினேன். தெருவில் நின்று அந்த மனிதரை அவ்வளவு சத்தம் போட்டேனே, அப்போதுகூட இது எனக்கு ஞாபகம் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் வந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு நாள், அதே பால் பெட்டியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு, நிலவறை அடுத்தமுறை எப்போது காலியாகும் என்று கேட்டாள். வாற வருடம் என்றேன். அப்ப அதை எனக்கு முதல் சொல்லு, எனக்கு ஆக்கள் இருக்கினம் என்றாள். மறுவருடம் அவள் சொல்லி வந்த இளம் தம்பதிதான் இப்போது எங்களுக்குக் கீழே குடியிருக்கிறார்கள்.

அந்த மனிதர் செய்தது பிழை என்று இரண்டு மொழியில் கத்த எனக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. நானும் அதையே செய்தவள் என்று மெதுவாகச் சொல்ல முழுதாக இரண்டு கிழமை எடுத்தது, அந்த இரண்டு கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது எரிகிறது.