ஆவடியிலிருந்து நூம்பலுக்குக் கால் பார் ஐஸ்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பது வருஷம் ஐஸ் பார் இழுத்த கை இது. பேனாவைக் கொக்கியைப் பிடிப்பது போலவே பிடிக்கிறது, விரல் மடங்க மாட்டேன் என்கிறது. ஒரு பக்கத்தை முடிக்க எனக்கு இரண்டு மாலை ஆகிறது. ஆனாலும் எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்தால் நான் நினைத்ததே அதில் இருக்கிறது. அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் மாலை வகுப்பின் சுவரில் ஒட்டும் தாளுக்கு, போய்வந்த ஒரு பயணத்தை எழுதச் சொன்னார் டீச்சர். படித்தவர் அதே வழியில் போகிற மாதிரி இருக்க வேண்டுமாம். திருப்பதி, திருத்தணி என்று மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் போனது நெமிலிச்சேரியிலிருந்து நூம்பலுக்கு. எல்லாம் சேர்த்துப் பதினெட்டு இருபது கிலோமீட்டர்தான் வரும். உங்கள் வீட்டிலும் யாருக்காவது தொண்டையில் சோறு இறங்காமல் இருந்தால் இது உதவும்.

நூம்பலில் இருப்பவன் கோதண்டம், என் மனைவி அஞ்சலையின் தம்பி. முப்பது சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குண்டுமல்லி போட்டிருந்தான். தொண்டையில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள், ரேடியேஷன் என்று அதற்குப் பேராம். கட்டி அடங்கியது, ஆனால் தொண்டை வெந்துபோனது. கஞ்சி, இளநீர், எதுவும் இறங்கவில்லை. மூக்கில் குழாய் போடலாம் என்றார் டாக்டர். கோதண்டம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். அவன் பெண்டாட்டி போய் வெகுநாள் ஆகிறது, ஒரே மகள் வேலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அதனால் அஞ்சலை போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். ஜில்லென்று ஏதாவது கொடுங்கள் என்று நர்ஸம்மா சொன்னதால் வேலப்பன்சாவடிக் கடையில் கப் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எசென்ஸ் எரிகிறது என்று துப்பிவிட்டான்.

ஐஸ் கம்பெனியில் இருந்தபோது முதலாளி வீட்டு விசேஷங்களுக்கு ஐஸ்கிரீம் பீப்பாய் சுற்றியவன் நான். எசென்ஸ் இல்லாமல், பாலும் தோட்டத்துப் பூவும் வைத்து வீட்டிலேயே செய்யலாம் என்று அஞ்சலைக்குச் சொல்லி அனுப்பினேன். மற்ற நாளெல்லாம் பகலில் வாட்ச்மேன் வேலை, ஞாயிறுதான் எனக்கு லீவு. சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். எங்கள் கிணற்றடியில் திருநீற்றுப்பச்சிலை மண்டிக் கிடந்தது. சப்ஜா விதை எடுக்கிற செடிதான். அதில் ஒரு கொத்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

நெமிலிச்சேரியில் காலை ஆறு மணி மின்சார வண்டி. ஆவடிக்கு டிக்கெட் இரண்டு ரூபாய், கால் மணி நேரம். ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி இருக்கிறது. மீன்காரர்கள் வருவதற்கு முன்னால் போனால் நல்ல பார் கிடைக்கும். நடுவில் வெள்ளை விழுந்த பாரை வாங்காதீர்கள், சீக்கிரம் உடைந்து கரையும். கால் பார் எட்டு ரூபாய். மரத்தூளை அவர்களே சும்மா கொடுப்பார்கள். ஐஸைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குத் தூள் போட்டு, கோணிப்பையில் கட்டி, கோணியை நனைத்துவிட வேண்டும்.

அடுத்தது பஸ். இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எத்தனையோ வருஷம் அந்த ஸ்டாண்டில் நின்று, 'இது எங்க போவுது தம்பி' என்று கேட்டவன் நான். அன்று யாரையும் கேட்கவில்லை. வந்த பஸ்ஸின் நெற்றியில் 'பூந்தமல்லி' என்று இருந்தது. நானே படித்தேன். வேண்டுமென்றே இன்னொரு தரமும் படித்துவிட்டுத்தான் ஏறினேன்.

பருத்திப்பட்டு தாண்டியதும் கண்டக்டர் என் காலடியைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பெருசு, மூட்டைல இன்னா கீது? ஒழுகுது பார்."

"ஐஸ் நைனா."

"மீன் கீன் வச்சிகிறியா உள்ள?"

"வெறும் ஐஸ்தான். ஒடம்பு முடியாதவனுக்கு ஐஸ்கிரீம் பண்ணப் போறேன்."

"ஐஸ்கிரீமா? பூந்தமல்லில கடை கடையா விக்குது, நீ மூட்டை கட்டிகினு போற!" என்று சிரித்தார். பின்சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள்.

"கடையில விக்கிறது அவனுக்கு எரியுது நைனா. தொண்டைல கரண்டு வச்சிக்கீறாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. லக்கேஜ் டிக்கெட் கிழிக்கப் போனவர் கையை இறக்கிக்கொண்டார். "படிக்கட்டாண்ட வச்சிக்கோ. எறங்கறவன் கால்ல ஊத்தாம பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

பூந்தமல்லி வரை போகாதீர்கள். கரையான்சாவடியில் இறங்கி ரோட்டைக் கடந்தால் வேலப்பன்சாவடிக்கு அடுத்த பஸ் கிடைக்கும். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து மூன்று ரூபாய்க்குள் முடிந்துவிடும். வேலப்பன்சாவடியிலிருந்து நூம்பலுக்கு நடைதான். நான் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டேன். முதுகு வழியாக ஐஸ் தண்ணீர் இறங்கியது. சித்திரை வெயிலுக்கு அது சுகமாகவே இருந்தது.

கோதண்டம் கிணற்றுப் பக்கத்து வேப்பமரத்தடியில், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். குரல் காற்று மாதிரிதான் வந்தது. நாக்கு மட்டும் பழைய நாக்கு.

"இன்னா மாமே, கம்பெனிய வுட்டு வந்து எத்தினி வருசம் ஆவுது, இன்னும் ஐஸ் சொமக்கிற?"

"உங்கக்காவ கட்டினேன்ல, சொமந்துதான் ஆவணும்."

"ஆரம்பிச்சிடுச்சுங்க ரெண்டும்" என்றாள் அஞ்சலை. அவள் முகத்தைப் பார்த்து, "நேத்து எதாவது எறங்குச்சா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். உதடு நனைக்கிற தண்ணீரைத் தவிர மூன்று நாளாக ஒன்றும் இறங்கவில்லை.

அவள் நான் சொல்லி அனுப்பியபடி இரண்டு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி, கொஞ்சம் சர்க்கரை போட்டு ஆறவைத்திருந்தாள். அதில் பாதியை ஒரு பாத்திரத்தில் எடுத்து, விடியலில் பறித்த ஒரு முறம் மல்லியைப் போட்டு மூடியிருந்தாள். திறந்து ஒரு கரண்டி வாயில் விட்டேன். பச்சைப் புல் வாசனை. அடியில் லேசான கசப்பு வேறு.

உள்ளே பார்த்தால் எல்லாம் இறுக மூடிய மொக்கு.

மல்லித் தோட்டக்காரர்கள் விடியலில் மொக்காகத்தான் பறிப்பார்கள். அது வாங்குகிறவர் தலையில் போய் சாயங்காலம் பூக்க வேண்டும். செடியிலேயே பூத்துவிட்டால் அது கழிசல், மார்க்கெட்டில் எடுக்க மாட்டார்கள். ஏழு வயதிலிருந்து மொக்கு பறித்த கை அஞ்சலையுடையது. ஐஸ்கிரீமுக்கும் அது மொக்கையே பறித்துவிட்டது. பறித்ததை மோந்தும் பார்க்கவில்லை. சாமிக்குப் போகிற பூவை மோந்தால் அவர்கள் அப்பா புறங்கையில் அடிப்பாராம்.

"போச்சு. பாலும் போச்சு, பூவும் போச்சு" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மூட்டை ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்த ஐஸ் போனால் இனி அடுத்த ஞாயிறுதான். அதுவரை அவன் தாங்க வேண்டுமே.

கட்டிலிலிருந்து கோதண்டம் கையைத் தூக்கிக் காட்டினான். "கெணத்தாண்ட பாரு. நேத்து பறிக்காம வுட்டது பூத்துக்கீது. மருந்து அடிக்காத வரிசைதான்."

"அது கழிசல்டா. அத எவன் வாங்குவான்?"

"நா வாங்கறேன், போ."

நானும் அவளும் பறித்தோம். முன்தினம் சாயங்காலம் பூத்து, இரவெல்லாம் செடியிலேயே இருந்த பூ. சிலதில் ஓரம் பழுப்பேறியிருந்தது. நல்லதாகப் பார்த்து இரண்டு கை அளவு எடுத்து, அலசி, மீதியிருந்த பாலில் போட்டு மூடி, பாத்திரத்தை ஐஸ்மேல் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டினோம். திருநீற்றுப்பச்சிலையில் நாலு இலையைச் சர்க்கரையோடு நசுக்கி அதில் கலந்தேன். அதிகம் போட்டால் மல்லியை அமுக்கிவிடும்.

மற்றது சுலபம். பாலை இறுக்கமான மூடி போட்ட தூக்குச்சட்டியில் ஊற்றி, தூக்கை ஒரு வாளிக்குள் வைத்து, சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிறகு தூக்கின் பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே திறந்து, ஓரத்தில் கட்டியதை மரக்கரண்டியால் வழித்துவிட வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். நானும் அஞ்சலையும் மாறி மாறித் திருப்பினோம். வாளியைக் கட்டிலருகே இழுக்கச் சொல்லி, கோதண்டமும் படுத்தபடியே பத்துச் சுற்றுத் திருப்பினான்.

முதல் கரண்டியை அஞ்சலை ஊட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தொண்டைக் குழி ஏறி இறங்கியது. முகம் சுளிக்கவில்லை.

"இன்னாடா?" என்றேன்.

"இனிப்பு தெரில."

கரண்டு வைத்ததில் நாக்கு செத்துப்போயிருந்தது. அஞ்சலை கரண்டியைத் தாழ்த்திவிட்டாள். அவன் கண்ணைத் திறக்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மணக்குது. மூக்குல இல்ல மாமே, தொண்டைக்குள்ளார மணக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "ஊரான் கல்யாணத்துலதான் மணக்கும். நம்ம பூ நம்ம ஊட்ல மணந்ததே இல்ல."

ஐந்து கரண்டி சாப்பிட்டான். அஞ்சலை எழுந்து, தண்ணீர் சேந்தப் போவது போல் கிணற்றுப் பக்கம் போனாள். வெகுநேரம் கயிறு சத்தம் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது, வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னேன். பஸ் போர்டு படித்ததையும் சொன்னேன். "கைநாட்டு மாமன் வாத்தியாராயிட்டான் பாருக்கா" என்று கேலி செய்தான். பிறகு, "நீ வந்ததும் இத செஞ்சதும் எழுதிகினு வா மாமே. படிச்சிக் காட்டு. வாரா வாரம் எதாவது எழுதிகினு வா, படுத்துகினே கேக்கறேன்" என்றான். சரி என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறும் அதே வண்டி, அதே ஐஸ். சட்டைப் பையில் நான் எழுதிய பாதித் தாள். அந்தக் கண்டக்டரே வந்தார். "இன்னா பெருசு, எறங்குச்சா?" என்று கேட்டார். "அஞ்சு கரண்டி நைனா" என்றேன். மூட்டையை அவரே ஒரு கை பிடித்துத் தூக்கி வைத்தார்.

நூம்பல் தெருமுனை திரும்பியபோது கோதண்டம் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். விடியலில் போய்விட்டான். நெமிலிச்சேரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அவர் வருவதற்குள் நான் வண்டி ஏறிவிட்டேன். தலையில் மூட்டையோடு என்னைப் பார்த்ததும் அஞ்சலை, "யோவ், இன்னிக்கு எதுக்குயா ஐஸ் எடுத்தாந்தே?" என்று கத்தி அழுதாள்.

வேலூரிலிருந்து மகள் வர மதியம் தாண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே ஐஸ் உடைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூட்டையை அவிழ்த்து, மரத்தூள் போகக் கழுவி, சின்னதும் பெரியதுமாக உடைத்து அவனைச் சுற்றி வைத்தேன். உப்பு போடவில்லை. போன வாரம் ஒரு தூக்கைச் சுற்றி வைத்த அதே கை.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து வந்து கிணற்றடியில் குளித்தோம். சாவு வீடு என்பதால் அன்று யாரும் பூப்பறிக்கவில்லை. முப்பது சென்ட்டிலும் இருந்த மொக்கெல்லாம் செடியிலேயே விரிந்துகொண்டிருந்தது. அந்தத் தோட்டம் அப்படிப் பூத்து நான் பார்த்ததே இல்லை. ரோட்டில் போகிற சைக்கிள்காரர் ஒருவர் வாசனைக்கு இறங்கி நின்றார். அஞ்சலை ஈரப் புடவையோடு வந்து, ஒரு பூவைக் கிள்ளி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு அதை என்னிடமும் நீட்டினாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஐஸைப் பகல் பத்து மணிக்குள் கொண்டு சேர்த்துவிடுங்கள். கடைப் பூ வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். செடியிலிருந்து எடுங்கள், மொக்கை விட்டுவிட்டு விரிந்த பூவாகப் பறியுங்கள். பூவைக் காய்ச்சாதீர்கள், ஆறிய பாலில் போடுங்கள். சாப்பிடுகிறவருக்கு இனிப்பு தெரியவில்லை என்றால் கரண்டியைக் கீழே வைத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். இன்னொன்று, 'அடுத்த ஞாயிறு' என்று தள்ளிப்போடாதீர்கள். இடையில் ஒரு நாள் போக முடிந்தால் போய்விடுங்கள்.

இதுவரை எழுதியதைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் நூம்பலுக்குக் கொண்டுபோய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். நடுவில் நாலைந்து இடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அஞ்சலை கேட்டுக்கொண்டு சாம்பலால் அந்தத் தூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாரா வாரம் என்று அவனிடம் சரி சொல்லியிருக்கிறேன். கேட்க ஆளில்லை என்பதற்காக அதை மாற்ற முடியாது. வருகிற வாரமும் எழுதுவேன், கை இதைவிடக் கொஞ்சம் நேராக வரும்.