ஒரு கிணற்றுக்கு ஒரு பேர்

கொரோனா ஊரடங்கில் மருதனார்மடம் சந்தையைப் பூட்டினார்கள். விற்க வழியில்லாமல் என் முட்டைக்கோவா தோட்டத்திலேயே முற்றி வெடித்தது. வெட்டி மாட்டுக்குப் போட்டேன். மூன்றாம் நாள் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மனிசன் செத்தபிறகு நான் தனியே செய்த இரண்டாவது போகம் அது. அடுத்த நடுகைக்கு விதை வெங்காயம் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரம்தான் தோட்டக்காரருக்கு நிவாரணம் வருகிறது என்றார்கள்.

எங்களுடையது பங்குக் கிணறு. பாதி எனக்கு, பாதி பக்கத்துத் தோட்டத்து அண்ணைக்கு. ஒரு நாள் அவர் இறைப்பார், மறுநாள் நான். மோட்டர் கொட்டில் பூட்டுக்கு ஒரே திறப்பு, மறுசாவி இல்லை. இறைத்து முடித்தவர் அதை மற்றவரின் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அண்ணை வந்தால் என் வேலிப் படலையடியில் நின்று தேத்தண்ணி குடித்து, நாலு கதை கதைத்துவிட்டுத்தான் போவார். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோதுகூட, வீட்டுக்குக் கூரை போடமுதல் இந்த முறையைத்தான் சரிப்படுத்தினோம்.

நிவாரணம் பதிகிற அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்த பொடியன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அக்கா, மோட்டர் கரண்ட் பில் ஆரின்ரை பேரிலை?"

"பக்கத்துத் தோட்டத்து அண்ணையின்ரை தேப்பன்ரை பேரிலை. அவர் செத்துக் கனகாலம்."

"அப்ப உங்களைப் பதியேலாது. ஒரு கிணத்துக்கு ஒரு பேர்தான்."

"நான் என்ன, காத்தை இறைச்சோ தோட்டஞ் செய்யிறன்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

சில கிழமை கழித்து அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அண்ணையின் தகப்பன் பேர் அதில் இருந்தது. அதே கிழமை அண்ணை புதிதாக மிளகாய்க் கன்று நட்டார். சந்தை பூட்டியிருக்கக் கன்று வாங்கக் காசு எங்காலை வந்தது? நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. தண்ணீரில் பாதி என்றால் அந்தக் காசிலும் பாதி என்னுடையது. அதை மறைக்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

அடுத்த நாள் நான் இறைத்து முடித்தும் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் வந்து கேட்டார். "காணேல்லை, தேடிப்பாக்கிறன்" என்றேன். திறப்பு என் இடுப்பில் இருந்தது. அடுத்த நாள் என் முறைக்கு நான் இறைத்தேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். அதற்கு மறுநாளும் நான் கொடுக்கவில்லை. அந்த வெயிலில் நட்ட கன்று எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாததல்ல.

பொழுதுபட வந்தார்.

"பிள்ளை, திறப்பைத் தா. கன்றெல்லாம் சுருண்டு போச்சு."

"நிவாரணக் காசிலை என்ரை பாதியைத் தாங்கோ, அண்ணை. திறப்பைத் தாறன்."



"எனக்கு எங்காலை காசு? பட்டியல்லை ஐயாவின்ரை பேர். ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வைக்கட்டாம். சுடலைக்கோ போய்க் கூப்பிடுறது?"

"அப்ப கன்று?"

"மனிசியின்ரை சங்கிலி அடகிலை கிடக்கு."

திறப்பை எடுத்துக் கொடுத்தேன். "மன்னியுங்கோ" என்று சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கு என்ரை முறையையும் நீங்களே இறையுங்கோ" என்றேன். இறைத்தார். பாதிக் கன்றுகூட நிமிரவில்லை. என்னுடைய வெங்காயப் பாத்தியும் அந்தப் போகம் வெறுமையாகத்தான் கிடந்தது.

செத்தவனுக்கு நிவாரணம் எழுதிவிட்டு உயிரோடு இருக்கிறவர்களைத் திருப்பி அனுப்பிய அந்த அலுவலகத்தை நான் இன்றைக்கும் திட்டுகிறேன். திட்டத்தான் வேண்டும். ஆனால் திறப்பை இடுப்பில் செருகி வைத்தது அவர்கள் அல்ல.

முறை இன்றைக்கும் பிசகுவதில்லை. அவர் இறைத்து முடித்ததும் திறப்பு என்னிடம் வந்துவிடும். படலைக் கம்பியில் கொழுவிவிட்டுப் போகிறார். உள்ளே நான் தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டாலும் நிற்பதில்லை.