மண்ணெண்ணெய் தீருமுன் பனி கரையுமா?

நாலு பேருக்குச் சமைத்துப் போடுகிறவளுக்கு உப்பு, உறைப்பு பற்றிய கவலைதான் பெரிது என்று நினைத்திருந்தேன். பனிமலைக்குச் சமைக்கப் போன பிறகுதான், நாளைக்கு அடுப்பு எரியுமா என்று கவலைப்படக் கற்றுக்கொண்டேன். என்னைப் போல அடுப்படியில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, இது உங்களுக்குத்தான் புரியும்.

என் வீட்டுக்காரருக்கு வடக்கே இமயமலையில், மழை, பனி, காற்று அளக்கும் ஒரு நிலையத்தில் பியூன் வேலை. அங்கே எந்தச் சமையல்காரனும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் தங்குவதில்லை. லீவில் செஞ்சிக்கு வந்தவர், "சம்பளம் தராங்க, நீயே வந்துடு" என்றார். அவருக்கு நெஞ்சுச் சளி வேறு. தனியாக அனுப்ப எனக்குப் பயம். சித்திரை வெயிலில் கோட்டைப் பாறைமேல் ஏறி விறகு பொறுக்கிய உடம்பு இது, எதையும் தாங்கும் என்று கிளம்பிவிட்டேன்.

புளி

நிலையம் என்றால் இரண்டு தகரக் கூரை வீடுகள், அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆபீசர் ஒருவர், ஒயர்லெஸ் பார்க்கும் சர்தார்ஜி ஒருவர், நாங்கள் இருவர். மூட்டைகளைச் சுமந்துவந்த கோவேறு கழுதைகள் இறங்கிப் போன பிறகுதான் புளி கொண்டுவரவில்லை என்று ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் வரும்போது வாங்கி வரச் சொல்லுங்கள் என்று ஆபீசரிடம் போய் நின்றேன். அவர் மூலையில் நின்ற பீப்பாய்களைக் காட்டினார்.

"அடுத்த வாரமா? கணவாய் மூடிட்டா சித்திரை முடிஞ்சுதான்மா ஆள் வரும். அதுவரைக்கும் இந்த மண்ணெண்ணெய்தான் நமக்கு அடுப்பு, விளக்கு, உயிர் எல்லாம்."

மூன்று கழுவு

கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளையாகத் தண்ணீர்தான் கிடக்கிறது, ஆனால் குடிக்க ஒரு சொட்டு இல்லை. அண்டா நிறையப் பனியை அள்ளி அடுப்பில் வைத்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். முதல் நாள் நான் ஏமாந்துபோய் மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். அந்த உயரத்தில் அரிசி வேறு லேசில் வேகாது. கொதிக்கும், கொதிக்கும், விதை விதையாகவே நிற்கும். அதுவரை அடுப்பு எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும்.

வழக்கம் போல அரிசியை ஒரு கழுவு கழுவிக் கொட்டினேன். இரண்டாவது கழுவையும் கொட்டினேன். மூன்றாவதற்குச் சொம்பைச் சாய்த்தபோது வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

"இன்னாடி பண்ற? நீ கீழ ஊத்தறது தண்ணி இல்ல, மண்ணெண்ணெய்."

வாசல்

அன்றிலிருந்து ஒரே கழுவு. அந்தத் தண்ணீரையும் வீணாக்கவில்லை. மறுநாள் காலையில் எழுந்து, செஞ்சியில் செய்வது போலவே வாசலில் தெளித்துவிட்டேன். தெளிக்காத வாசலில் ஒரு நாளாவது சமைத்திருக்கிறேனா? கோலப்பொடி எடுக்க உள்ளே திரும்பினேன், அதற்குள் வாசல் கண்ணாடியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் காற்று அளக்கக் கிளம்பினார். கதவைத் தாண்டியது ஒரு கால்தான். உட்கார்ந்தபடியே சரிந்து கருவிக் கூண்டு வரைக்கும் போய் நின்றார். எலும்பு முறிந்திருந்தால் யார் கட்டுவது? நல்ல வேளை, எழுந்தார். பனியைத் தட்டினார். போனது போனோம் என்று அங்கேயே காற்றையும் அளந்துவிட்டு வந்தார்.

"உங்க ஊர்ல வாசல் தெளிச்சா லட்சுமி வருவா. இங்க தெளிச்சா ஆஸ்பத்திரிகூட வராதும்மா."

ஒரே அறை

சித்திரை முடிந்தது. வைகாசியும் பிறந்தது. பனி மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசிப் பீப்பாயைத் தட்டினால் வெறும் டொங் என்றது. விளக்கை நிறுத்தினோம். இரண்டு வீட்டுக்கு ஒரே அடுப்பு என்றாகி, ஆபீசரும் சர்தார்ஜியும் கம்பளியோடு என் சமையலறைக்கே குடிவந்தார்கள். ஒரு நாள் பொங்கி மறுநாளும் அதையே தின்றோம். வீட்டுக்காரர் இருமும்போதெல்லாம் அடுப்பைக் கொஞ்சம் தூண்டிவிடக் கை போகும். தூண்டினால் நாளைக்கு இல்லை. தூண்டாவிட்டால் இந்த மனுஷன் இல்லை. நான் தூண்டினேன்.

பீப்பாயைச் சாய்த்து வடிக்கும் நிலை வந்தபோதுதான் கழுதை மணி கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மீசையெல்லாம் பனியாக ஒரு கழுதைக்காரன், பாதை பார்க்க ஒற்றைக் கழுதையோடு முன்னால் வந்தவன். எண்ணெயும் மூட்டைகளும் சுமந்த கழுதைகள் பின்னால் வருகின்றனவாம், ஒரு நாள் ஆகுமாம். அவன் விறைத்துப்போய் நின்று டீ கேட்டான். அடுப்பில் இருப்பதே அந்த ராத்திரிக்கான எண்ணெய். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"போடுடி. அவன் விறைச்சு செத்தா நமக்கு வழி காட்ட யாரு இருக்கறான்?"

கடைத்தெரு

சொன்னபடி எண்ணெய் வந்தது, பாதை திறந்ததும் நாங்கள் இருவரும் மலை இறங்கினோம். செஞ்சிக்கு வந்த மறுநாளே கடைத்தெருவுக்குப் போனேன். பனியில் அடிக்கும் வெயில் நம் ஊர் வெயிலைவிடப் பொல்லாதது. மூக்கும் கன்னமும் தோலுரிந்து கரியாகியிருந்தன. மளிகைக்கடைக்கார அம்மா தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"பனியில இருந்தேன்னு சொல்ற, இன்னாடி இது, சூளையில இருந்து வந்தவ மாதிரி நிக்கற?"

புளிக்கு முன்னால் மண்ணெண்ணெய் வாங்கினேன். நானும் வீட்டுக்காரரும் மலையைவிட்டு இறங்கிப் பல மாதம் ஆகிறது, ஆனால் அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனால் இன்றைக்கும் யாரோ என் மணிக்கட்டைப் பிடிக்கிறார்கள்.