அறுந்ததாகச் சொன்ன முன்நரம்பு

சனிக்கிழமை காலையில் மார்லிஸ் டோம்பெக் கார் கொட்டகை மேசையிலிருந்த தூண்டில் ரீலைத் தூக்கினாள். அது கையோடு ஒட்டிக்கொண்டது. ரீலின் முதுகில் பச்சையும் ஆரஞ்சுமாக ஏதோ கூழ் வழிந்திருந்தது. விரலைப் பிரித்தால் பாகு போல் கம்பி கம்பியாக இழுத்தது. வியாழனன்றுதான் அந்த ரீலைக் கழற்றித் துடைத்து, பல்சக்கரங்களுக்கு மசகு வைத்து, நூறு பவுண்டு தாங்கும் புது நூலைச் சுற்றி வைத்திருந்தாள்.

முகர்ந்து பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். உருகிய ரப்பரின் எண்ணெய் வீச்சம். அதற்கும் அடியில், எப்போதோ செத்துப்போன எதுவோ.

தலைக்கு மேலே பலகையில் லைலின் பழுப்புப் பெட்டி இருந்தது. அதன் மூலையிலிருந்து இன்னொரு சொட்டு இறங்கத் தயாராக நின்றது.

லைல் அவளுடைய கணவன். மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். 1998இல் நாற்பத்தெட்டு அங்குல மஸ்கி மீன் ஒன்றை அந்தப் பெட்டியிலிருந்த, மீன் போல் செதுக்கிய மரப் பொய்யிரையால் பிடித்தான். அன்றிலிருந்து பெட்டியைக் கழுவுவதில்லை. கழுவினால் ராசி போய்விடுமாம். அந்தப் பக்கத்து ஏரிகளில் மஸ்கிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். படகில் வாழைப்பழம் ஏற்ற மாட்டார்கள், பெரிய மீன் பிடித்த அன்று போட்டிருந்த தொப்பியைத் துவைக்க மாட்டார்கள். மார்லிஸுக்கு அன்றிலிருந்தே அது குமட்டுகிறது. ஆனால் தொப்பி அவனுடைய தலையில் இருக்கிறது, பெட்டி பலகை மேல் இருக்கிறது என்று விட்டிருந்தாள்.

அவளுடைய பங்கு வேறு. வட விஸ்கான்சினில் அந்த ஊருக்கு வெளியே ஒரு காலத்தில் பனிவண்டிகளுக்கு பிரேக் கம்பி செய்யும் ஆலை இருந்தது. பதினொரு வருஷம் அங்கே கம்பி முனையில் சிறு குழாயைக் கோத்து இறுக்கி நசுக்கும் வேலை பார்த்தாள். சரியாக நசுக்காவிட்டால் யாரோ ஒருவன் ஏதோ ஒரு சரிவில் பிரேக் பிடிக்காமல் போய் மரத்தில் மோதுவான் என்று முதல் நாளே மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். ஆலை மூடியபோது பள்ளிச் சமையலறையில் சேர்ந்தாள். நசுக்கும் இடுக்கியை மட்டும் ஆலைக்காரர்களிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதை வைத்துத்தான் முன்நரம்பு செய்தாள். மஸ்கியின் பல் எந்த நூலையும் நறுக்கிவிடும். அதனால் நூலுக்கும் பொய்யிரைக்கும் நடுவே ஒரு முழம் நீளத்துக்குத் தடித்த நரம்பு வைப்பார்கள், இரண்டு முனையிலும் குழாய் வைத்து நசுக்கி. மார்லிஸ் செய்த ஒவ்வொன்றும் நிலவறை உத்தரத்தில் தொங்கும், நாற்பது பவுண்டு உப்பு மூட்டை இரண்டைச் சுமந்துகொண்டு. காபி வடிந்து முடியும் வரை தாங்கினால்தான் குழாயின் மேல் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பாள். வருஷத்துக்கு ஒரு நிறம். பதினைந்து வருஷமாக வெண்டல் ஹாகனின் இரைக் கடையில் முன்நரம்பு கோத்த அவளுடைய அட்டைகள் தொங்கின. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள்கூட "அந்தச் சமையக்காரம்மா செய்யறது இருக்கா?" என்று கேட்டு வாங்கினார்கள். அதைவிடப் பெரிய பட்டம் எதையும் அவள் வாழ்க்கையில் எதிர்பார்த்ததில்லை.

போன நவம்பரில் அது போயிற்று. ஏரி உறைவதற்கு முந்தின வாரம் லைலும் அவன் கூட்டாளி எர்வின் ஷோலுண்டும் லூன்ஃபுட் ஏரிக்குப் போனார்கள். ஐம்பது அங்குலத்துக்குக் குறையாத மீன் படகோரத்தில் கடித்ததாம். மார்லிஸின் முன்நரம்பு குழாயிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டதாம். மரப் பொய்யிரையோடு மீன் இறங்கிவிட்டதாம். மதுக்கடையில் லைல் இதைச் சொன்னான், பொய்யிரைக்காக ஒரு வாரம் துக்கம் காத்தான். அவளிடம், "பரவால்ல மார்லிஸ், யாருக்கும் ஒண்ணு ரெண்டு தப்புறதுதான்" என்று பெருந்தன்மையாகவும் பேசினான். அவள் குளிர்காலம் முழுக்க இடுக்கியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். தப்பு எங்கே என்று பிடிபடவில்லை.

கோடை முழுக்க அட்டைகள் தூசி படிந்து தொங்கின. போன வியாழன் வெண்டல் பதினான்கு அட்டைகளை ரொட்டிப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதம்மா. கட்டின புருஷனே அறுந்துபோச்சுங்கறான். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மாட்டி வைக்கிறது?"

"நீங்க ஒண்ணைத் தொங்கவிட்டு இழுத்துப் பாருங்களேன்."

"நான் நம்புறேன் மார்லிஸ். வாங்குறவன் நம்பணுமே. படகுல இருந்தவன் வாயால மாத்திச் சொன்னா அன்னிக்கே மாட்டுறேன்."

இந்த வருஷப் பயணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. லாரியின் பனிக் கலப்பை இணைப்பில் நசுங்கி லைலின் கட்டைவிரல் கட்டுப்போட்டுக் கிடந்ததால் முடிச்சு, முள் தீட்டும் அரம், ரீல் எல்லாமே அவள் தலையில் விழுந்திருந்தன. "எல்லாத்தையும் பாத்துரு. பழுப்புப் பெட்டிய மட்டும் தொடாத" என்று சொல்லியிருந்தான்.

அது வழிந்து ரீலைத் தொட்டால் அவள் என்ன செய்வாள்?

பாத்திரம் தேய்க்கும் கையுறையை மாட்டிக்கொண்டு பெட்டியை இறக்கித் திறந்தாள். மூடி ஒரு சத்தத்தோடு பிரிந்தது, காயத்திலிருந்து பிளாஸ்திரியை உரிப்பது போல.

ரப்பர் இரைகளையும் கெட்டிப் பிளாஸ்டிக் இரைகளையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். இது மஸ்கிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். லைல் ஒன்றாகப் போட்டிருந்தான். ஒரு கோடை வெயிலில் எல்லாம் இளகி, பச்சையும் ஆரஞ்சுமாக ஒரே பாளமாகியிருந்தது. அதற்குள் வால்களும் கண்களும் முட்களும் துருத்திக்கொண்டு நின்றன. ஓர் ஓரத்தில், இரட்டை முள்ளில் கோத்தபடியே, போன வருஷத்து இரைமீன். உயிரோடு ஏரியில் இறங்கி, வேலை முடிந்தபின் யாரும் கழற்றாமல், காய்ந்து கருவாடாகி, பின்பு ரப்பரில் ஊறி மறுபடி மெத்தென்று ஆகியிருந்தது. மார்லிஸ் வாசல் வரை போய் நல்ல காற்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

மேசைக்கத்தியால் பாளத்தை நெம்பினாள். அடியிலிருந்து மரத்தின் வண்ணம் தெரிந்தது. கறுப்பு முதுகு, மஞ்சள் வயிறு, வயிற்றில் பழைய பல் தடங்கள்.

மீன் கொண்டுபோன பொய்யிரை.

அதன் மூக்கில் ஒரு முன்நரம்பு கொக்கி போட்டுக் கிடந்தது. அவள் அதை மெதுவாக ரப்பரிலிருந்து உருவினாள். முழுசாக வந்தது. இரண்டு குழாயும் இருந்தன, இரண்டிலும் பச்சைப் பொட்டு. பச்சை போன வருஷத்து நிறம். மேல் முனையின் வளையத்தில் நாலு விரல் நீளத்துக்கு நூல், கத்தியால் நேராக வெட்டிய முனையோடு.

கையுறையைக் கழற்றி, பொய்யிரையின் முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தாள். கூரான முள் நகத்தைக் கவ்வி நிற்கும். இது வெண்ணெய்க் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. நுனி உருண்டிருந்தது. துரு விரலில் பொடியாக ஒட்டியது. அந்த முள்ளை 1998க்குப் பின் யாரும் தீட்டவில்லை, மாற்றவும் இல்லை. ராசி!

ஒவ்வொரு வசந்தத்திலும் மஸ்கி சங்கக் கூட்டத்தில், வெள்ளிக்கிழமை வறுத்த மீனைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் அறுபது பேர் முன்னால், முள் தீட்டுவது எப்படி என்று பேசுகிறவன் லைல்தான். "நகத்துல நிக்காத முள்ள ஏரியில போடறவன் மீன்காரனே இல்ல" என்பான். கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காக அவள் பெயரைத் தூக்கி ஏரியில் போட்டிருக்கிறான்.

வண்டி வந்து நின்றது. லைலும் எர்வினும் இரைமீன் வாளியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

"ஐய, என்ன நாத்தம் இது? எலி செத்துடுச்சா?" என்றான் எர்வின்.

"செத்துது. பதினொரு மாசம் ஆச்சு" என்றாள் மார்லிஸ். கொக்கி போட்டபடியே பொய்யிரையை மேசைமேல் வைத்தாள்.

லைல் வாளியைக் கீழே வைத்தான். தண்ணீர் தளும்பி அவன் காலணியை நனைத்தது. "அந்தப் பெட்டியத் தொடாதன்னு சொன்னேனில்ல?"

"அது ரீலைத் தொட்டுச்சு. மீனு எடுத்துட்டுப் போனது நீந்தித் திரும்பி வந்துடுச்சா லைல்? வழி கேட்டுக் கேட்டு வந்துச்சா?"

அவன் விரலிலிருந்த கட்டைத் தடவினான். "இங்க பாரு. படகோரத்துல நிக்குது, அம்மாடி, அவ்ளோ பெரிய தலை. கடிச்சுது. ரெண்டு ஒதறு ஒதறுச்சு. துப்பிட்டுப் போயிடுச்சு. அவ்ளோதான்."

"முள்ளு ஏறல."

"ஏறல."

"ஏன்னா மொக்கை."

"எல்லார் எதிர்லயும் நான் எப்படி அதச் சொல்றது? முள்ளு தீட்டறதப் பத்திப் பேசறவனே நாந்தான்!"

"அதுக்கு எம்பேரா கெடச்சுது?"

"ஒரு நரம்புதானே மார்லிஸ். இதுல என்ன பெரிய பேரு?"

அவள் எர்வின் பக்கம் திரும்பினாள். "நீயும் படகுலதானே இருந்த?"

எர்வின் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தை ஆராய்ந்தான். "தப்பவிட்டது அவன். கதைய அவன்தான் சொல்லணும். கூட இருந்தவன் வாயத் தொறக்கிறதில்ல. அது உனக்கே தெரியும்."

தெரியும். அங்கே எல்லாப் படகுகளிலும் அதுதான் வழக்கம். தப்பிய மீனின் அளவைப் பற்றி யாரும் யாரையும் மறுப்பதில்லை. மீன் ஒவ்வொரு சுற்று பீருக்கும் இரண்டு அங்குலம் வளரும். கூட இருந்தவன் தலையை மட்டும் ஆட்டுவான். அந்த வழக்கத்தை அவளும் ஒரு விளையாட்டாகத்தான் நினைத்திருந்தாள். கோடை முழுக்கத் தூசி படிந்த அவளுடைய அட்டைகளைப் பார்த்துக்கொண்டே எர்வின் வாரத்துக்கு மூன்று முறை வெண்டல் கடைக்குப் போய் வந்திருக்கிறான், தலையை ஆட்டிக்கொண்டு.

"இப்பவே கடைக்குப் போறோம். நீ சொல்ற" என்றாள் லைலிடம்.

"திங்கட்கிழமை போயிட்டு வந்து சொல்றேன். சத்தியமா."

"அப்ப உன் முடிச்ச அந்த விரலாலயே போட்டுக்கோ."

அவன் விரலைப் பார்த்தான். மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த மூன்று ரீல்களையும், தீட்டாத நாற்பது முட்களையும் பார்த்தான். பெருமூச்சு விட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

வெண்டலின் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். ஏழெட்டுப் பேர் காபிக் கோப்பைகளோடு இரைத்தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மார்லிஸ் பொய்யிரையைக் கல்லாமேசையில் போட்டாள். லைல் தொண்டையைச் செருமினான்.

அவன் வெட்கப்படுவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனோ ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே கைகளை விரித்துவிட்டான். மீனின் தலை எவ்வளவு அகலம், கண் எப்படி உருண்டது, தன் முழங்கால் எப்படி நடுங்கியது. "இந்த லைல் டோம்பெக், ஊருக்கே முள்ளு தீட்டச் சொல்லிக் குடுக்கறவன், வெண்ணெய்க் கத்திய வெச்சு மீனு பிடிக்கப் போனான்யா!" என்று முடித்தான். "அவ நரம்புல ஒரு கோளாறும் இல்ல. பொய் சொன்னேன். ஒத்துக்கறேன்."

கடை அதிரச் சிரித்தார்கள். ஒருவன் அவன் முதுகில் தட்டினான். "இதச் சொல்ல நெஞ்சுல உரம் வேணும்பா" என்றான் இன்னொருவன். யாரோ அவனுக்கு ஒரு கோப்பை காபி ஊற்றிக் கொடுத்தார்கள். "அடுத்த வசந்தத்துல இதையே பேசு லைல், இன்னும் ரெண்டு மேசை சேத்துப் போடலாம்." லைலின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வருஷமாக ஏன் இதைச் சொல்லாமல் விட்டோம் என்று நினைக்கிறவனைப் போல நின்றான்.

மார்லிஸை யாரும் பார்க்கவில்லை. வெண்டல் மட்டும் பார்த்தார். முன்நரம்பை எடுத்து, கடைத் தராசின் கொக்கியில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். தராசு முள் தொண்ணூறு பவுண்டைத் தாண்டியது. குழாய் அசையவில்லை. சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"அட்டைங்க எங்கம்மா?" என்றார்.

கிளம்பும்போதே ரொட்டிப் பையை அவள் வண்டியில் எடுத்துப் போட்டிருந்தாள். கொண்டுவந்து, சுவரில் தன் பழைய இடத்தில் ஒவ்வொன்றாக மாட்டினாள். மாட்ட மாட்டக் கைகள் நீண்டன. நாலு போனது, ஆறு போனது. "எனக்குத் தெரியும், அந்தம்மா செஞ்சது அறுந்திருக்காதுன்னு" என்று ஒருவன் சொன்னான். கோடையில் அதே சுவரின் முன் நின்று வேறு அட்டை வாங்கியவன் அவன். அவனுக்கும் கொடுத்தாள்.

எர்வின் மூன்றை உருவினான். "திங்கட்கிழமைக்கு எனக்கு ரெண்டு, உன் வீட்டுக்காரனுக்கு ஒண்ணு."

அவள் அவன் கையிலிருந்து மூன்றையும் வாங்கித் திரும்ப மாட்டினாள்.

"உங்க படகுக்கு இல்ல."

"என்ன?"

"உங்க ரெண்டு பேருக்கும் இல்லன்னேன். முடிச்சு போடறேன்னு சொல்லிட்டேன், போடறேன். முள்ளும் தீட்டித் தரேன், மீனு பாவம். நரம்பு மட்டும் வேற எவனாவது செஞ்சத வாங்கிக்கோங்க. அறுந்தா அவன் பேரச் சொல்லுங்க."

லைல் சிரித்தான். மற்றவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"எல்லார் எதிர்லயுமா மார்லிஸ்?" என்றான், குரலைத் தாழ்த்தி.

"நீ எங்க வெச்சுச் சொன்ன?"

எர்வின் சுவரின் மறுகோடிக்குப் போய், வெளியூர் ஆலையில் செய்த கம்பி நரம்பு மூன்றை எடுத்துக் கல்லாமேசையில் வைத்தான். வெண்டல் அவற்றைப் பையில் போட்டார்.