சந்திரவல்லியும் விடுபட்ட எழுத்துகளும்

யாராவது வினோத்குமாரைப் புகழ்ந்தால் சந்திரவல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அன்று காலை முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

போடியில், ஏலக்காய் குடோனுக்கு மேல்மாடியில், சர்க்கரை நோய் குடும்பங்களில் எப்படி இறங்குகிறது என்று ஆராயும் சிறிய அலுவலகம். பக்கத்து ஊர்களான சிலமலை, குரங்கணி மக்களின் ரத்தத்திலிருந்து மரபணு எழுத்துகளைப் படிக்கிறார்கள். மலிவான சோதனை இடையிடையே பல எழுத்துகளை விட்டுவிடும். அவற்றை ஊகித்து நிரப்புவது சந்திரவல்லியின் வேலை. ஒருவரின் மரபணுவை அம்மா தந்த இழை, அப்பா தந்த இழை என்று பிரிப்பாள்; முழுதாகப் படித்துவைத்த வேறு ஆட்களிடம் அதே துண்டைத் தேடுவாள்; அங்கிருக்கும் எழுத்தை இங்கே இடுவாள். "அக்கம்பக்கம் விசாரிச்சு ஆளைச் சொல்ற சோலிதான்" என்பாள். அதில் அவளை விஞ்ச ஆளில்லை, வினோத்குமார் வேலைக்குச் சேரும்வரை.

அவள் ஒப்பிட்டது வெளிநாட்டு ஆட்களின் தொகுப்போடு. அவனோ, "நம்மூரு ஆத்தா, அப்பன், பிள்ளை மூணு பேரையும் முழுசாப் படிச்சா, எந்த இழை யாருதுன்னு திட்டமாத் தெரிஞ்சிரும். அதை வச்சு நிரப்புவமாக்கா?" என்று கேட்டு, செய்தும் காட்டிவிட்டான். தலைவர் ராஜாராம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சந்திரவல்லிக்கு வயிறு எரிந்தது. இது தனக்கு ஏன் தோன்றவில்லை?

"ரெண்டையும் சோதிச்சுப் பாத்துச் சொல்லும்மா" என்று அவளிடமே ஒப்படைத்தார் ராஜாராம். தெரிந்த எழுத்துகளை மறைத்துவைத்து, எந்த முறை சரியாக நிரப்புகிறது என்று பார்க்க வேண்டும். அவன் தோற்க வேண்டுமென்று குலசாமியை வேண்டிக்கொண்டாள். பரவலாகக் காணும் எழுத்துகளில் இருவரும் சமம். சிலமலைக்காரர்களிடம் அபூர்வமாகத் தென்படும் எழுத்துகளில் அவளுடையது தடுமாறியது. அவனுடையது அச்சு அசலாகப் பொருந்தியது. வேறு எழுத்துகளை மறைத்துப் பார்த்தாள். இன்னும் மோசம்.

சமமாக வந்ததை மட்டும் காட்டினால், அவன் முறை வென்றது யாருக்கும் தெரியாது. ராஜாராம் வந்து நின்றபோது அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"வினோத்து முறைதான் சார் சரி. என்னோடது நம்ம ஆளுகளுக்கு ஒத்துவரலை."

வினோத்குமார் முகமெல்லாம் சிரிப்பாக, "எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானக்கா" என்றான்.

அதைக் கேட்டு வயிறு இன்னும் எரிந்தது. எழுந்து, இருவருக்கும் நடுவில் சுழன்ற மேசை விசிறியைத் தன் பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டாள்.