நாலு வழிச் சாலை

கிள்ளானில் எனக்கும் கணவருக்கும் ஒரு டைல்ஸ் கடை. எங்களுக்குச் சரக்கு வரும் சீன ஊரிலிருந்து உற்பத்தியாளர் சங்கத் தலைவர் சென்ற ஆண்டு வந்திருந்தார். கூடவே அந்த ஊர் நகராட்சி அதிகாரி. சுபாங் ஜெயாவில் மதிய விருந்து. நான் சீனப் பள்ளியில் படித்தவள் என்பதால் தலைவருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

அதிகாரி தன் கையாலேயே தலைவருக்குத் தேநீர் ஊற்றினார். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் தெரு வணிகர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கிள்ளான் நகராண்மைக் கழகத்தில் எங்களை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை.

தலைவரின் ஊரில் தொழிற்சாலைகளுக்குப் போகும் பாதை குறுகல் என்று அவர்கள் சங்கம் வாய் திறந்ததாம். அடுத்த மழைக்குள் நாலு வழிச் சாலை வந்துவிட்டதாம். சங்க அலுவலகமே நகராட்சிக் கட்டடத்தில்தானாம். தலைவர் சொல்லச் சொல்ல, வாயில் வைத்த மீன் ருசிக்கவில்லை. துறைமுக லோரிகள் குதறிப்போட்ட எங்கள் சாலைக்காக, நகராண்மைக் கழக வாசலில் பதாகை பிடித்து நின்றவர்கள் நாங்கள். அப்படியும் குழிகளை மட்டும்தான் அடைத்தார்கள்.

அதிகாரி கைகழுவ எழுந்து போனார். நான் அந்தப் போராட்டப் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். தலைவர் அதை வாங்கி, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதுக்கப்புறம் உங்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கலையா?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை, மறுபடியும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர்கள் சங்கச் செயலாளர், நகராட்சியில் ஓய்வுபெற்ற அதிகாரி. யார் தலைவர் என்பதையும் நகராட்சிதான் முடிவு செய்யும். ஒருமுறை, புகை அதிகம் என்று டைல்ஸ் சுடும் சூளைகளை மூடச் சொன்னது நகராட்சி. ஒவ்வொரு சூளையாகப் போய்ச் சொல்லும் வேலை சங்கத்துக்கு. தன் சொந்தத் தம்பியின் சூளையைத் தலைவரே நின்று அணைக்க வைத்தார். தம்பி அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

“முடியாதுன்னு சொல்ல எங்களுக்கு இடமில்லை,” என்றார்.

அதிகாரி திரும்பி வருவதைப் பார்த்ததும் கைப்பேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, சாலையைப் புகழத் தொடங்கினார்.

வீடு திரும்பும்போது காரில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ அவங்களைவிட நாம பரவாயில்லைங்கிற,” என்றார்.

“அப்படிச் சொல்லல லா,” என்றேன். “அந்த ரோடு நமக்கும் வேணும்.”