மூடியில் வைத்த பொட்டு

அழகையாவுக்குச் சாமி பயம் ஒன்று, பெரட்டுப் பயம் ஒன்று. எது பெரிது என்று கேட்டால் யோசிக்காமல் பெரட்டு என்பான். பதினாறு வருஷம் விடியுமுன் தப்பு மேளச் சத்தத்துக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில் மம்முட்டியோடு பனியில் நடுங்கி நின்றவன். பதுளைக்கு ரயில் வந்த வருஷம்தான் லுணுகலைத் தேயிலைத் தோட்டத்துத் துரையின் காருக்கு டிரைவரானான்.

"கூலிக்காரன் கையில காரா? குரங்கு கையில பூமாலைதான்," என்றார் சிவஞானம் கங்காணி. அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, கார் இரண்டு தடவை வழியில் நின்றது. "இன்னொரு தடவை நின்னா, நீ பெரட்டுக்குப் போ," என்று துரை சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்திக்கும் மம்முட்டிக்கும் சந்தனம் வைக்கிற நாள். சோறு போடுகிற கார் மட்டும் ஆயுதமில்லையா? மனைவி ரெங்கம்மா சந்தனம் அரைத்துக் கொடுக்க, விளக்கு, சக்கரம், ஹேண்டில், பெட்ரோல் தொட்டியின் மூடி என்று ஒன்று விடாமல் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தான். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் பிடிக்காத ஆள்.

மறுநாள் துரை கொழும்புக்குப் போக வேண்டும். கட்டிக்கொள்ளப் போகிற பெண் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறாள். பதுளையில் பத்தரை மணி ரயிலைப் பிடிக்காவிட்டால் துறைமுகத்தில் அவள் தனியாக நிற்பாள். அழகையா தொட்டியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு கிளம்பினான்.

பசறை தாண்டியதும், அருவிக்குப் பக்கத்தில், கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. இறங்கி, காரின் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. தோள் கழன்றுவிடும்போல் மறுபடி சுற்றினான். பிடிக்கவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். 

பொறி அடிக்கிற பிளக்கைக் கழற்றி, எஞ்சின் இரும்பில் வைத்து, ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்தான். நீலப்பொறி பளிச்சென்று அடித்தது. நெருப்பு இருக்கிறது. அப்படியென்றால் பெட்ரோல்தான். தொட்டியோ துரை உட்கார்ந்திருந்த முன் சீட்டுக்கு அடியில்.

"தொரை, கொஞ்சம் எறங்குங்க."

துரை முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். மூடியைத் திறந்து குச்சி விட்டால் முக்கால் தொட்டிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு ஹேண்டிலைத் தொட்டதுதான் தாமதம், எஞ்சின் பிடித்துக்கொண்டது. காரணம் புரியாத சந்தோஷம் நிலைக்குமா? நாலு மைலில் மறுபடி நின்றது.

"தொரை, எறங்குங்க."

"டேய், நான் ஏறி எறங்கவா வந்தேன்?" துரையின் முகம் சிவந்துவிட்டது. "பெரட்டு, அழகையா! நாளைக்கு!"

அழகையா சீட்டைத் தூக்கினான். அங்கே இரைச்சல் போட அருவி இல்லை, காடு நிசப்தமாக இருந்தது. மூடியைத் திருகினான். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்கிற சத்தம் கேட்டது.

அவனுக்கு லுணுகலை ஜௌபர் நானாவின் கடை ஞாபகத்துக்கு வந்தது. மண்ணெண்ணெய் டின்னில் நானா ஒரு ஓட்டையோடு விடமாட்டார், எதிர்ப்பக்கம் இன்னொன்றும் குத்துவார். "ஒண்ணு எண்ணெ வர, ஒண்ணு காத்துப் போக. இல்லாட்டி சொட்டாது," என்பார்.

மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தான். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். அங்கே அவன் வைத்த பொட்டு கல்லாக இறுகி உட்கார்ந்திருந்தது. காற்றுப் போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? திறக்கும்போதெல்லாம் காற்று புகுந்திருக்கிறது, அதில் நாலு மைல் ஓடியிருக்கிறது. கங்காணியையும் கார் செய்த வெள்ளைக்காரனையும் மனசுக்குள் திட்டியதெல்லாம் வீண். இன்றைக்குக் கெடுத்தது அவன் கைதான்.

குச்சி நுனியால் பொட்டைச் சுரண்டி எடுத்தான். ஒரே சுற்று, எஞ்சின் பிடித்தது. அதன்பிறகு பதுளை வரை கார் ஒரு இருமல் இருமவில்லை. ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. அழகையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

துரை ரயில் பெட்டியில் ஏறி நின்று கேட்டார்: "என்ன நோவு அதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வண்டி ஊதிவிட்டது, யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் நேற்றுத்தான் சாமி கும்பிட்டவன்.

"நோவு நான்தாங்க தொரை. மூடி ஓட்டையில பொட்டு வச்சுட்டேன்."

துரை அவனையே பார்த்தார். ரயில் நகர்ந்தது. திடீரென்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சாமி கும்பிடு! மூக்கை அடைக்காதே!"

ரயில் மறைகிற வரை அழகையா கும்பிட்ட கையை இறக்கவில்லை. பிறகு காரில் சாய்ந்துகொண்டு, சிரிப்பும் அழுகையுமாகக் கொஞ்ச நேரம் நின்றான்.

மறுநாள் விடியுமுன் பெரட்டுத் தப்பு அடித்தது. அழகையாவுக்கு நன்றாகவே கேட்டது. கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி தூங்கினான்.